அரைக் கிலோவில் ஒரு கூரை

திருமணப் பந்தலிலோ திருவிழாக் கடையிலோ திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மேலே கட்டியிருக்கும் தார்ப்பாய் நடுவில் தொப்பை போடத் தொடங்கும். தொப்பையில் நீர் சேரும். சேர்ந்த நீரின் எடையால் தொப்பை இன்னும் இறங்கும். இறங்கிய இடத்தில் இன்னும் நீர் சேரும். யாராவது ஒரு பெரியவர் மூங்கிலை எடுத்துவந்து கீழிருந்து முட்டித் தள்ளுவார். இரண்டு குடம் நீர் தடாலென்று ஓரத்தில் நிற்பவர் தலையில் கொட்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. உயரத்திற்கு நீர் நின்றால் அதன் எடை 10 கிலோகிராம். ஐந்து சதுர மீட்டரில் அதே அளவு நின்றால் 50 கிலோகிராம். அதாவது கூரையின்மேல் ஓர் ஆள் ஏறிப் படுத்துக்கொண்டதற்குச் சமம்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில், தோட்டக்காரரின் அனுமதியோடு நண்பர்கள் மூவர் இரவு தங்கியபோது, நான்கு மரங்களுக்கிடையே தார்ப்பாயைத் தலைக்கு மேல் உயரமாகவும் மட்டமாகவும், பந்தலைப் போலவே கட்டிவைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மாதம். இரவு 11 மணிக்கு மழை வந்தது. மேலிருந்து வரும் என்று எதிர்பார்த்தது பக்கவாட்டில் வந்தது. அரை மணி நேரத்தில் மூவரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

மலையில் நனைந்த உடையோடு காற்றில் இருப்பது விளையாட்டான காரியமன்று. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 24 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியசிலிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம், பிறகு பேச்சிலும் நடையிலும் தடுமாற்றம், அதன்பின் உயிருக்கே ஆபத்து. இதற்கு உறைபனி தேவையில்லை. 10 டிகிரி குளிரும் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும். அன்று தோட்டத்துக் கொட்டகை நூறு அடி தூரத்தில் இருந்ததால் தப்பித்தோம். மறுநாள் காலையில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, எங்கே தவறினேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கூடாரம் இருக்கும்போது தார்ப்பாய் எதற்கு?

சாரணர் முகாமுக்குச் சென்ற பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள். அந்நாளையப் பருத்திக் கித்தான் கூடாரத்தை ஒருவராகத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது என்பார்கள். நனைந்துவிட்டால் எடை இன்னும் கூடும். கூடாரத்தில் கூரை உண்டு, சுவர் உண்டு, தரை உண்டு, கதவு உண்டு. தார்ப்பாயில் கூரை மட்டுமே. மற்றவற்றை விட்டுவிடுவதால்தான் எடை குறைகிறது.

இதை வாழ்ந்து காட்டியவர் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி. 1955-இல், தமது 67-ஆம் வயதில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்போது ஏறத்தாழ 3,300 கி.மீ. நீளமிருந்த அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தன்னந்தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கித்தான் செருப்பு. தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை. கூடாரம் கிடையாது. மழைக்குப் போர்த்திக்கொள்ளவும் தரையில் விரிக்கவும் அவர் கொண்டுசென்றது, குளியலறையில் தொங்கவிடும் ஒரு பிளாஸ்டிக் திரை! பின்னர் 1990களில் ரே ஜார்டின் என்ற பாறையேற்ற வீரர், கூடாரத்தை விட்டுத் தார்ப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தம் நூல்களில் வற்புறுத்தியபோது, நெடுந்தூர நடைக்காரர்கள் பலர் அதைப் பின்பற்றினார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கூடாரம் தன் வடிவத்தைத் தானே வைத்துக்கொள்ளும். கட்டுபவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தார்ப்பாயோ வெறும் செவ்வகத் துணி. இடம், காற்று, கோணம் ஆகிய எல்லாவற்றையும் கட்டுபவரே கணிக்க வேண்டும். முதுகில் குறைந்த சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எந்தத் துணி? எவ்வளவு பெரியது?

தார்ப்பாய் என்ற சொல்லைப் பாருங்கள். ஐரோப்பிய மாலுமிகள் கித்தான் துணியில் தார் பூசி, மழையும் கடல்நீரும் புகாதபடி செய்துகொண்டார்கள். அந்தத் தார்தான் நம் சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று லாரிகளின்மேல் போர்த்தும் பாயில் தார் இருப்பதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் 'பாய்' என்றால் படுக்கும் பாயும் ஆகும், கப்பலின் பாயும் ஆகும். நம் தார்ப்பாய்க்கு இந்த இரண்டாவது உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

ஓர் ஆள் தாராளமாகவும், இருவர் நெருக்கியும் படுக்க 8 அடிக்கு 10 அடி, அதாவது 2.4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள பாய் ஏற்றது. பரப்பு 7.2 சதுர மீட்டர். கடைத்தெருவில் கிடைக்கும் மெல்லிய நீலநிறப் பாலிதீன் பாய் சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில் இருந்தால், மொத்தம் 720 கிராம் ஆகும். சிலிக்கோன் ஊட்டிய நைலான் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிராம். மொத்தம் 325 கிராமுக்குள் அடங்கும். கயிறும் முளையும் சேர்த்தாலும் அரைக் கிலோ! இதனினும் இலேசானது டைனீமா இழைகளை இரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகளுக்கிடையே பதித்துச் செய்யும் படலம். இது பந்தயப் பாய்மரப் படகுகளின் பாய்களுக்காக உருவாக்கப்பட்டது. மலைக்குப் பிறகுதான் ஏறியது. விலையும் மலையேறித்தான் இருக்கிறது.

நைலான் துணியில் கட்டம் கட்டமாகத் தடித்த இழைகள் ஓடுவதைக் காணலாம். ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த கட்டத்தின் தடித்த இழையில் நின்றுவிடும். பாராசூட் துணிக்காகக் கண்ட உத்தி இது. ஆனால் நைலானுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வழக்கமான ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய நைலான் நீளும். மாலையில் மத்தளம் போல விறைப்பாகக் கட்டிய பாய், மழை வந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். எனவே நைலான் பாய் வைத்திருப்பவர் உறங்கும் முன் ஒருமுறை சுற்றிவந்து கயிறுகளை இறுக்க வேண்டும்.

இன்னொன்று: நைலான் 220 முதல் 260 டிகிரியில் உருகிவிடும். பாலிதீன் 130 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். விறகிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி போதும், கூரையில் ஓட்டை விழ. இதன்கீழே அடுப்பு மூட்டும் எண்ணமே வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் நீலநிறப் பாலிதீன் பாயிலேயே பழகுங்கள் என்பேன். 400 கிராம் கூடுதல் சுமைக்காக யாரும் களைத்துவிடப் போவதில்லை. கட்டத் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த துணியும் ஒழுகத்தான் செய்யும்.

மழை எந்தக் கோணத்தில் வருகிறது?

இப்போது தாண்டிக்குடித் தவறுக்கு வருவோம். 2 மி.மீ. குறுக்களவுள்ள மழைத்துளி, காற்றின் தடையால், விநாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் என்ற மாறாத வேகத்தில் விழுகிறது. அதே நேரத்தில் காற்றும் விநாடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 23 கி.மீ. வேகத்தில் வீசினால் என்ன ஆகும்? துளி கீழே எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரம் பக்கவாட்டிலும் போகும். மழை 45 டிகிரி சாய்ந்து வரும். மணிக்கு 23 கி.மீ. என்பது புயலன்று, நீங்கள் மிதிவண்டியைச் சற்று விரைந்து மிதிக்கும் வேகம்தான்.

பாயின் ஓரம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், இந்த மழை ஓரத்திற்குக் கீழே புகுந்து 1 மீட்டர் உள்ளே வரை நனைக்கும். ஓரம் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் 30 செ.மீ. மட்டுமே நனைக்கும். நானோ ஓரத்தை 2 மீட்டருக்கு மேலே கட்டியிருந்தேன். பாயின் அகலமே 2.4 மீட்டர்! கீழே உலர்ந்த இடம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

சரி, தாழ்வாகக் கட்டுவது எப்படி? இரு மரங்களுக்கிடையே, அல்லது இரு ஊன்றுகோல்களுக்கிடையே, ஒரு முகட்டுக் கயிறு கட்டுங்கள். பாயை அதன்மேல் நீளவாட்டில் போட்டு, இரு பக்கமும் 1.2 மீட்டர் இறங்கும்படி விடுங்கள். ஓட்டு வீட்டுக் கூரை போல இருக்கும். சரிவு 45 டிகிரி என்றால் முகட்டுக்கும் ஓரத்துக்கும் இடையே உயர வேறுபாடு 85 செ.மீ. ஓரங்களைத் தரையிலிருந்து 30 செ.மீ. தூக்கிக் கட்டினால் முகடு 1.15 மீட்டரில் நிற்கும். உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம். கீழே அகலம் 1.7 மீட்டர். அதில் காற்று வரும் பக்கம் 30 செ.மீ. நனைந்தாலும் ஒருவர் படுக்க இடம் ஏராளம்.

ஆனால் அதே மழை பக்கத்திலிருந்து வராமல், திறந்திருக்கும் வாய் வழியாக வந்தால்? முகட்டின் கீழே 1.15 மீட்டர் உள்ளே வந்துவிடும். பாயின் நீளம் 3 மீட்டர். 1.6 மீட்டர் உயரமுள்ளவர் நடுவில் படுத்தால் தலைப்பக்கமும் கால்பக்கமும் 70 செ.மீ. மட்டுமே மிஞ்சும். ஆகவே காலோ தலையோ நனைவது உறுதி. காற்று வரும் திசைக்கு வாயைக் காட்டாதீர்கள், விலாவைக் காட்டுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். காற்று பலமாக இருந்தால் அந்த விலாவின் ஓரத்தைத் தரையோடு தரையாக முளையடித்துவிட வேண்டும்.

கயிற்றோடு ஒரு வாதம்

துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் சற்றுத் தொய்கிறதே, ஏன்? 1 கிலோ எடையைக் கயிற்றின் நடுவில் தொங்கவிடுவதாகக் கொள்வோம். கயிற்றின் இரு பாதிகளும் மேல்நோக்கி இழுக்கும் பங்கு மட்டுமே அந்த எடையைத் தாங்குகிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி தொய்ந்திருந்தால் ஒவ்வொரு பாதியிலும் இழுவிசை 1 கிலோ எடைக்குச் சமம். தொய்வு 10 டிகிரியானால் ஏறத்தாழ 2.9 கிலோ. 5 டிகிரியானால் 5.7 கிலோ. 1 டிகிரியானால் 28 கிலோவுக்கும் மேல்! முற்றிலும் நேராக்க வேண்டுமானால் எல்லையற்ற விசை வேண்டும். அப்படிப்பட்ட கயிறு உலகில் இல்லை. முகட்டுக் கயிற்றைக் கம்பிபோல் நேராக்க முயன்று மரத்தையும் கயிற்றையும் வருத்துவதில் பயனில்லை. கொஞ்சம் தொய்வு இருக்கட்டும்.

இறுக்குவதற்கு லாரிக்காரர்கள் போடும் முடிச்சு மிக நல்லது. கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, கயிற்று நுனியைக் கொக்கியைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணில் நுழைத்துக் கீழே இழுப்பார்கள். கப்பி இல்லாத கப்பி இது. ஏட்டுக் கணக்கின்படி நாம் இழுப்பதைப்போல் மூன்று மடங்கு விசை கிடைக்க வேண்டும். கயிறு கயிற்றில் உராய்வதால் இரண்டு மடங்குகூடத் தேறுவதில்லை. ஆனால் விரலால் பிடித்து முடியும் வரை கயிறு நழுவாமல் இருப்பதும் அந்த உராய்வின் தயவால்தான். அடுத்த முறை சந்தையில் லாரிக்குச் சுமை ஏற்றும்போது நின்று பாருங்கள். கேட்டால் சொல்லித்தரவும் செய்வார்கள்.

முளைகளுக்கு வருவோம். ஊன்றுகோலின் உச்சியிலிருந்து தரைக்கு வரும் இழுகயிறு கோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டும். முளையைக் கோலுக்கு வெகு அருகில் அடித்தால் கயிறு செங்குத்தாக நிற்கும். பக்கவாட்டு விசை கிடைக்காது. முளை மேலே பிடுங்கப்படும். முளையை மேலே பிடுங்கும் விசை, பக்கவாட்டு விசையைக் கோலின் உயரத்தால் பெருக்கி, முளையின் தூரத்தால் வகுத்தால் வரும். தூரம் உயரத்தில் பாதி என்றால், பிடுங்கும் விசை பக்கவாட்டு விசையைப்போல் இரு மடங்கு. தூரம் உயரத்தைப்போல் இரு மடங்கு என்றால், பாதிதான். வசதிப்பட்டவரை தள்ளி அடியுங்கள். முளையின் தலை கூரைக்கு எதிர்ப்புறம் சாய்ந்து, கயிறும் முளையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்கட்டும். மணலானால் முளை நிற்காது; ஒரு பையில் கல்லைப் போட்டுக் கட்டிப் புதைத்துவிடலாம்.

காற்றின் விசையைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் நியூட்டனில் கிடைக்கும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 60 நியூட்டன், அதாவது 6 கிலோ எடை. 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள நம் பாயின் ஒரு பக்கம் நிமிர்ந்து நின்றால் 22 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 88 கிலோ! அதனால்தான் காற்று வலுக்கும்போது பாயைச் சரித்து, தாழ்த்தி, அதன் முகத்தை மறைக்க வேண்டும். பாய்மரக் கப்பலில் புயல் வரும்போது மாலுமிகள் பாயைச் சுருக்குவார்களே, அதே வேலைதான்.

விறைப்பைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. தட்டையான துணியை எவ்வளவு இழுத்தாலும் காற்றில் படபடக்கும். ஆனால் சதுரத் துணியின் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தியும், மற்ற இரண்டைத் தாழ்த்தியும் கட்டினால், துணி குதிரைச் சேணம் போல இரு திசைகளில் எதிரெதிராக வளையும். ஒரு வளைவு மேலே இழுக்க, மற்றது கீழே இழுக்க, நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் கட்டுண்டு நிற்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ 1955-இல் காசெல் நகரத் தோட்டக் கண்காட்சியில் இப்படி நான்கு மூலைகளில் கட்டிய ஓர் இசை மேடைக் கூரையை அமைத்தார். அவர் பங்கேற்ற 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கக் கூரையிலும் இதே வளைவுகளைக் காணலாம். நம் 8 அடிப் பாயும் அந்தக் கூரைக்கு ஒரு வகையில் தம்பிதான்.

எங்கே கட்டுவது?

கூரை எப்படி இருந்தாலும் இடம் தவறினால் எல்லாம் வீண். வறண்ட ஓடையின் மணற்படுகை மெத்தை போல இருக்கும். அங்கே படுக்கவே கூடாது. நீங்கள் இருக்குமிடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும், மேலே எங்கோ பெய்த மழை நள்ளிரவில் ஓடையில் இறங்கி வரும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி ஆகாது. இடி மின்னலின்போது தனித்து நிற்கும் மரத்தடியும் மலைமுகடும் ஆகா. தார்ப்பாய் மின்னலிலிருந்து காக்காது. காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் போகவே கூடாது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் தரை வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்திற்கு இழந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உதகமண்டலத்தில் சனவரியில் உறைபனி முதலில் வெண்மை பூசுவது குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களைத்தான். பள்ளத்தை விட்டுச் சரிவில் சற்று மேலேறினாலே குளிர் குறையும்.

பாயும் இதே முறையில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கிறது. காற்றைவிடக் குளிர்ந்துவிடும் அதன் அடிப்பக்கத்தில் ஈரம் துளித்துளியாகப் படியும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓர் இரவில் நாம் ஏறத்தாழ ஒரு டம்ளர் நீரை ஆவியாக வெளிவிடுகிறோம். காலையில் பாயின் உட்புறம் நனைந்திருப்பதைக் கண்டு, துணி ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு! மரக்கிளைகளின் கீழே கட்டினால், கிளைகள் வானத்தை மறைப்பதால் பனி குறைவாகப் படியும். ஓரங்களைச் சற்றுத் தூக்கி வைத்தால் காற்று ஈரத்தை அள்ளிச் சென்றுவிடும். மழைக்காகத் தாழ்த்த வேண்டும். ஈரத்திற்காகத் தூக்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதை அன்றைய வானத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் ஒரு சுருள்வில் தராசு கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டர் நூற்கயிற்றின் ஒரு நுனியை மேசைக்காலில் கட்டி, மறு நுனியைத் தராசின் கொக்கியில் மாட்டி, நடுவில் 200 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். எடை தொங்கும் புள்ளியில் கோணமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே தராசை மெல்ல இழுங்கள். தராசைப் பிடித்த கையும் மேசைக்காலில் கட்டிய முடிச்சும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தொய்வு 30 டிகிரியாக இருக்கையில் முள் 200 கிராமைக் காட்டும். 20 டிகிரி, 10 டிகிரி, 5 டிகிரி என்று குறைத்துக்கொண்டே போய் ஒவ்வொரு நிலையிலும் அளவைக் குறித்து, வரைபடத் தாளில் புள்ளியிட்டு இணைத்துப் பாருங்கள். தராசின் கடைசிக் கோட்டைத் தாண்டும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். சுருள்வில் ஒருமுறை அளவுமீறி நீண்டால் மீண்டும் பழைய நிலைக்கு வராது, ஆய்வக உதவியாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.